கள்ளநோட்டைத் தடுத்தது வங்கியா, அச்சுக்கலையா?

பழங்காசு:
1832 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், நாடெங்கும் செல்லும் நோட்டை வெளியிட்டுவந்த இரண்டாம் ஐக்கிய அமெரிக்க வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை நிராகரித்தது சாமானியரின் வெற்றி என்று நண்பர் கணக்கர் எழுதியிருக்கிறார். கள்ளநோட்டை வைத்துப் பார்த்தால் அது சாமானியர் தலையில் விழுந்த இடி என்றே சொல்வேன். 1836இல் உரிமம் முடிந்தபின் நாடெங்கும் செல்லும் நோட்டு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. 1860 வாக்கில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாநில வங்கிகள் ஆளுக்கொரு வடிவத்தில் வெளியிட்ட ஆயிரக்கணக்கான வகை நோட்டுகள் புழங்கின. கடைக்காரர் போலிகளின் அடையாளங்களைப் பட்டியலிடும் இதழைக் கல்லாவின் அருகே வைத்துக்கொண்டு, நீட்டப்பட்ட நோட்டின் படத்தையும் கையொப்பத்தையும் அதனோடு ஒப்பிட்ட பிறகே சரக்கைக் கொடுத்தார். பார்த்தே இராத நோட்டில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்கர்:
ஐயா, வங்கியே இல்லாத காலத்திலும் காவல் இருந்தது. அச்சுக்காரரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1739இல் பென்சில்வேனியா நோட்டுகளில் உண்மையான இலையின் அச்சைப் பதித்தார். இலையிலிருந்து வார்ப்பு எடுத்து உலோகத்தில் வடித்ததால், ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மயிரிழையாக மெலிந்தும் ஓடும் நரம்புகளைச் செதுக்குபவன் கையால் கொண்டுவர முடியவில்லை. நீங்கள் போற்றும் வங்கியோ தானே குழப்பத்தை உண்டாக்கியது. தலைவரும் காசாளரும் ஒவ்வொரு நோட்டிலும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. அத்தனை நோட்டில் இருவர் கையொப்பமிட இயலாமல், வங்கித் தலைவர் நிக்கோலஸ் பிடில் 1827இல் கிளை அதிகாரிகள் கையொப்பமிடும் வரைவோலைகளை நோட்டைப் போலவே புழங்க விட்டார். கிளைக்கொரு கையொப்பம் என்றானபின், ஒரே வங்கி, ஒரே நோட்டு என்ற உங்கள் வாதம் எங்கே நிற்கிறது?

பழங்காசு:
வரைவோலை பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு அதிகாரிகள் கையொப்பமிட அனுமதி கேட்டபோது மறுத்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான். இலையச்சு அழகான வேலை; எனக்கும் அதில் தனிப் பிரியம் உண்டு. ஆயினும் அதே இலையச்சு தாங்கிய, போராடிய குடியேற்றங்களின் பேரவை வெளியிட்ட கான்டினென்டல் நோட்டுகள் அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரிட்டிஷார் பிடியிலிருந்த நியூயார்க்கில் ஏராளமாகப் போலியாக அச்சிடப்பட்டன. எதிரில் ஓர் அரசே நின்றால் இலை என்ன செய்யும்?

வைகைக்கரை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மாநில வங்கிகளின் காலத்தில் முழுப் போலியைவிடத் திருத்திய நோட்டே பெரும் தொல்லை. ஒரு டாலர் நோட்டின் இலக்கத்தைச் சுரண்டி எடுத்து அங்கே பத்து என்று ஒட்டினார்கள். திவாலான வங்கியின் பெயரை அழித்து நல்ல வங்கியின் பெயரைப் பொறித்தார்கள். தாளும் அசல், பெரும்பாலான கோடுகளும் அசல் என்னும்போது நுட்பமான அச்சு அங்கே மோசடிக்காரனுக்கே துணை நின்றது. தொகைக்கேற்ற வடிவம் நாடு முழுவதும் ஒன்றாக இருந்திருந்தால், பத்து டாலர் நோட்டில் ஒரு டாலரின் படம் இருப்பதைச் சிறுவனும் கண்டுபிடித்திருப்பான்.

கணக்கர்:
நல்ல விளக்கம், வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைச் சாதித்தது ஜாக்சன் ஒழித்த வங்கியைப் போன்ற ஒன்றல்ல. 1863ஆம் ஆண்டுச் சட்டம் பல தேசிய வங்கிகளுக்குப் பொது வடிவ நோட்டைத் தந்தது. 1865இல் மாநில வங்கி நோட்டுகளின்மேல் விதித்த பத்து விழுக்காடு வரி அவற்றைப் புழக்கத்திலிருந்து விரட்டியது. அதே ஆண்டு ஜூலையில் கள்ளநோட்டுக்காரர்களைப் பிடிக்கவே ரகசியச் சேவைப் பிரிவு தொடங்கப்பட்டது. மைய வங்கியோ 1913 வரை மீண்டும் வரவேயில்லை.