நான்-இன்டராக்டிவ் ஷெல்: ஆளில்லா ஷெல்லா, ஊடாடா ஷெல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

தொலை சர்வர்களில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் ஏன் படுத்துவிடுகின்றன என்று விளக்கும் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் 127 (கட்டளை கிடைக்கவில்லை) என்று சொல்லி நின்றுவிடுகிறது. கேட்டால் எல்லாரும் சொல்லும் காரணம், 'அது நான்-இன்டராக்டிவ் ஷெல்' என்பது; அதாவது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல் ஆளோடு உரையாடாமல் ஓடும் நிலை. அதற்கு 'ஆளில்லா ஷெல்' என்று முன்மொழிகிறேன். ஆளில்லா விமானம் எல்லாருக்கும் பழகிய சொல். இங்கேயும் அப்படித்தான்: கடவுச்சொல் கேட்டால் தட்ட ஆளில்லை, பிழைச்செய்தி வந்தால் பார்க்க ஆளில்லை. 'ஊடாட்டமற்ற ஷெல்' அகராதிக்குச் சரி, வாயில் வராது.

* * *

> 'ஆளில்லா ஷெல்' என்று முன்மொழிகிறேன்.

சொல் அழகு, பொருள் பிசகு. ஆள் விசைப்பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கும்போதும் நான்-இன்டராக்டிவ் ஷெல் திறக்கும். தொலை சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கட்டளையில் சர்வரின் பெயருக்குப் பின்னால் எக்கோ $- என்பதையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். ஷெல்லின் அப்போதைய அமைப்புகளை $- எழுத்துகளாகக் காட்டும். வரும் எழுத்துகளில் இன்டராக்டிவைக் குறிக்கும் ஆங்கில எழுத்தான ஐ இருக்காது. வெறுமனே உள்ளே நுழைந்து அதையே தட்டினால் ஐ இருக்கும். (முதல் சோதனையில் ஒற்றை மேற்கோள் கட்டாயம். இரட்டை மேற்கோள் போட்டால் $- உங்கள் கணினியிலேயே விரிந்துவிடும். சர்வரைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு உங்கள் முனையம் பதில் சொல்லும்.)

இன்னொரு சிக்கலும் உண்டு. கையால் ஓட்டுகிற ஸ்கிரிப்டும் நான்-இன்டராக்டிவ் ஷெல்லில்தான் ஓடுகிறது! முனையத்தில் ./ போட்டு ஓட்டினாலும் அதற்கென்று தனியாக ஒரு ஷெல் பிறக்கிறது. அதன் $- மதிப்பிலும் ஐ கிடையாது. ஆனாலும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஏனென்றால் எக்ஸ்போர்ட் செய்த சூழல் மாறிகளை (ஓடும் நிரலுக்குக் கைமாறும் பெயர்களும் மதிப்புகளும்) தாய் ஷெல்லிடமிருந்து அது அப்படியே சுவீகரிக்கிறது. க்ரானில் அந்தத் தாய் இல்லை. ஆக, 127க்குக் காரணம் ஷெல்லின் வகை அன்று, அதற்குக் கிடைத்த சூழல். கையேட்டின் விளக்கமே ஒரு படி தள்ளிப் போய்விட்டது என்பேன்.

எனவே மூன்று கருத்துக்கு மூன்று சொல் வைக்கலாம்:

ஊடாடா ஷெல்: நான்-இன்டராக்டிவ் ஷெல். 'ஊடாட்டமற்ற' என்று நீட்ட வேண்டாம்; 'வாடா மலர்' போல ஈறுகெட்ட எதிர்மறையே போதும்.

ஆளில்லா ஓட்டம்: அன்அட்டெண்டட் ரன். உங்கள் சொல்லுக்கு உரிய இடம் இது.

வெறுஞ்சூழல்: க்ரான் முதலியவை ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் குறைந்தபட்சச் சூழல்.

மூன்றாவதுதான் கையேட்டுக்கு உண்மையில் வேண்டிய சொல். டெபியன் லினக்ஸின் க்ரானில், கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் பாத் மாறியின் வழக்கமான மதிப்பு /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நிறுவிய எந்தக் கருவியும் அதன் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் 127. உடனே பலரும் செய்வது, பேஷ் என்ற ஷெல்லின் தொடக்கக் கோப்பான .பேஷ்ஆர்சியின் கடைசியில் ஓர் எக்ஸ்போர்ட் வரி சேர்ப்பது. க்ரான் அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை அனுப்பும்போது பேஷ் அதைப் படிக்கக்கூடும். ஆனால் டெபியன், உபுண்டு தரும் கோப்பில் தொடக்கத்திலேயே '$- மதிப்பில் ஐ இல்லையென்றால் திரும்பிப் போ' என்று ஒரு கேஸ் நிபந்தனை இருக்கிறது. கடைசி வரிக்கு யாரும் வந்து சேர்வதில்லை.

* * *

> வெறுஞ்சூழல்: க்ரான் முதலியவை ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் குறைந்தபட்சச் சூழல்.

ஒரு தடை. அது வெறுமையாக இல்லையே? ஹோம், லாக்நேம், ஷெல், பாத் என்ற நான்கு மாறிகளும் இருக்கின்றன. படிப்பவர் 'எதுவுமே இல்லை' என்று எடுத்துக்கொள்வார். 'குறைசூழல்' என்றால் என்ன?

அதோடு, தானாக ஓடும் ஸ்கிரிப்டின் எல்லாப் பிழையையும் இந்தச் சொல்லின் தலையில் கட்டிவிடக் கூடாது. பத்து சர்வர்ப் பெயர்கள் உள்ள கோப்பை வைல்-ரீட் சுற்றில் வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எஸ்எச் போட்டால் முதல் சர்வரோடு வேலை முடிந்துவிடும். மீதி ஒன்பது பெயர்களையும் அந்த எஸ்எஸ்எச் தன் உள்ளீடாக விழுங்கிவிடுகிறது. பிழைச்செய்தியும் வராது. மருந்து, உள்ளீட்டைப் படிக்காதே என்று எஸ்எஸ்எச்சுக்குச் சொல்லும் -என் விருப்பம். இதில் சூழலுக்கு எந்தப் பங்கும் இல்லை. க்ரான் வரியில் % வந்தாலும் அப்படித்தான்: முதல் % வரைதான் கட்டளை, பின்னால் இருப்பதெல்லாம் அதற்கு உள்ளீடு. கோப்புப் பெயரில் தேதி ஒட்ட, % குறிகளோடு டேட் கட்டளையைப் போடுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். % முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது அந்த வரியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

* * *

> அது வெறுமையாக இல்லையே?

வெறுங்கால் என்றால் கால் இல்லை என்றா பொருள்? செருப்பில்லாத கால். வெறுந்தரை என்றால் பாய் விரிக்காத தரை. வழக்கமாகக் கூட இருக்கும் ஒன்று இல்லை என்பதைத்தான் 'வெறும்' சொல்கிறது. இங்கே இல்லாதது முனையத்தில் நாம் சேர்த்துவைத்த மாறிகள். 'குறைசூழல்' என்றால் சர்வரில் ஏதோ பழுது என்ற தொனி வந்துவிடும். க்ரான் குறை வைக்கவில்லை, அதன் இயல்பே அது.

முற்றிலும் காலியான ஒன்றும் உண்டு: சூழலைக் காட்டும் என்வ் கட்டளைக்கு '-ஐ' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் வருவது. அதை 'வெற்றுச்சூழல்' எனலாம், வெற்றுக் கோப்பு என்பதுபோல. இரண்டு சொல்லும் இருந்தால் சோதனையையும் எளிதாக எழுதலாம்:

'வெற்றுச்சூழலில் தொடங்கி, ஹோம், பாத் இரண்டை மட்டும் க்ரானில் உள்ள மதிப்புகளோடு கொடுத்து, /பின்/எஸ்எச் வழியாக ஸ்கிரிப்டை ஓட்டுக. வெறுஞ்சூழல் கிட்டத்தட்ட அப்படியே கையில் கிடைக்கும். ஐயம் தீரவில்லையென்றால், என்வ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதும்படி க்ரானில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வரி சேர்க்கவும். முனையத்திலும் அதையே செய்து, இரண்டையும் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி, டிஃப் கட்டளையால் வேறுபாடு பார்க்கவும். பார்த்தபின் அந்த வரியை நீக்க மறக்க வேண்டாம்.'

/பின்/எஸ்எச் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து அது டேஷ் என்ற வேறொரு ஷெல். இரட்டைச் சதுர அடைப்பும் சோர்ஸ் கட்டளையும் அதில் இல்லை. முனையத்தில் பேஷில் சோதித்துவிட்டு 'ஓடியதே' என்றால் செல்லாது.

சரிசெய்வதற்கு 'சூழல் நிரப்பு' என்ற வினையைப் பயன்படுத்தலாம். நிரப்பும் இடம் க்ரான் வரிகளை எழுதும் க்ரான்டேபின் மேற்பகுதி, அல்லது ஸ்கிரிப்டின் முதல் சில வரிகள். க்ரான்டேபில் நிரப்புகிறவர்களுக்கு எச்சரிக்கை: அங்கே $பாத் விரியாது, எழுத்தாகவே நிற்கும். முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

எஸ்எஸ்எச் சுற்றும் % வரியும் வெறுஞ்சூழலில் அடங்காது என்பது சரியே. அவற்றை 'உள்ளீட்டு விழுங்கல்' என்று தனித் தலைப்பில் வைக்கலாம்.

* * *

வெறுங்கால் விளக்கத்துக்குப் பிறகு எனக்கு மறுப்பில்லை. ஆளில்லா ஓட்டம், ஊடாடா ஷெல், வெறுஞ்சூழல், வெற்றுச்சூழல் நான்கையும் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன். ஷெல்லையும் 'ஓடு' என்று மாற்றச் சிலர் கேட்பார்கள். 'ஊடாடா ஓடு ஓடவில்லை என்றால் மீண்டும் ஓட்டுக' என்று ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஷெல் ஷெல்லாகவே இருக்கட்டும்.