தாத்தா பேர் யாருக்கு?

ரூபி அத்தை: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையின் பேரை நாளை சாயங்காலத்துக்குள் எழுதித் தரச் சொல்லி நம் சபை ஐயர் மறுபடியும் கேட்டுவிட்டார். ஆலய வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வேறு வீட்டுக்கே வந்துவிட்டுப் போனார்.

துரை பெரியப்பா: யோவான். அப்பா பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது

செல்வின்: பெரியப்பா, ஜெனிக்கு இவான் என்று ஆசை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம்.

துரை பெரியப்பா: யாரைக் கேட்டு? நம் குடும்பத்தில் யாருக்கு அந்தப் பேர்?

டேவிட்: ஆரம்பிச்சாச்சு

சாம் மாமா: மச்சான், கோபப்படாமல் வாசிக்கவும். நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்தின் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். பிள்ளைக்கு அப்பன் பேரான சகரியாவையே வைக்கப் பார்த்தார்கள், தாய்க்காரி முடியாது யோவான்தான் என்றாள், உன் உறவில் ஒருத்தனுக்கும் அந்தப் பேர் இல்லையே என்று மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் வாய் பேச முடியாமல் இருந்த சகரியா பலகையில் எழுதிக் காட்டித்தான் தீர்ந்தது.

டேவிட்: பெரியப்பாவுக்கு ஒரு பலகை வாங்கிடலாம் 😂

துரை பெரியப்பா: வேதம் எனக்கும் தெரியும். அங்கேயும் யோவான் என்றுதானே முடிந்தது.

சாம் மாமா: அதற்குத்தான் வருகிறேன். எபிரேயத்தில் அது யோஹனான், முழுசாகச் சொன்னால் யெஹோஹனான். முன்பாதி கர்த்தருடைய பேர், பின்பாதி ஹனான், அதாவது கிருபை செய்தார். எரேமியாவில் கரேயாவின் குமாரன் யோகனான் என்று ஒருவன் வருகிறானே, அதே பேர்தான். கிரேக்கத்துக்குப் போனபோது நடுவில் இருந்த அடித்தொண்டைச் சத்தத்துக்கு அங்கே எழுத்து இல்லை, இயோவான்னேஸ் என்று ஆகிவிட்டது. அங்கிருந்து லத்தீன், அப்புறம் ஊருக்கு ஒரு விதம். இங்கிலாந்தில் ஜான், ஸ்பெயினில் ஹுவான், அயர்லாந்தில் ஷான், வேல்ஸில் எவன், ரஷ்யாவில் இவான். அரபியில் யஹ்யா என்பதும் எலிசபெத்தின் பிள்ளையான இதே யோவானைத்தான். ஆக ஜெனி வைத்திருப்பது தாத்தா பேரேதான், என்ன, ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

ஜெனி: மாமா நிஜமாவா??? நான் இன்ஸ்டாவில் பார்த்துப் பிடிச்சு வச்சேன்

பாளை சித்தி: எவன்னு வச்சிராதீங்க. எவன் வீட்டுப் பிள்ளைன்னு ஊரே கேட்கும்

ரூபி அத்தை: மதினி 🤦

துரை பெரியப்பா: ரஷ்யா கதை வேண்டாம். ஆலய ரிஜிஸ்டரில் யோவான் என்று தமிழில் இருக்க வேண்டும். செல்வின் பிறந்தபோதும் அடுத்த பிள்ளைக்கு வைக்கலாம் என்று சொல்லித்தான் என் வாயை அடைத்தீர்கள்.

பாளை சித்தி: அத்தான், பழசை எதுக்குக் கிளறணும். உங்க மூத்தவனுக்குத்தான் ஜான்சன்னு வச்சாச்சே.

சாம் மாமா: ஜான்சன் என்றால் ஜானின் மகன். பேரனுக்கு எப்படிப் பொருந்தும்? கணக்குப்படி ஜான்சன் நீங்கள்தான் மச்சான்.

டேவிட்: 😂😂😂

செல்வின்: மாமா போதும்

டேவிட்: ஜொனாதன்? அதுவும் ஜான்தானே

சாம் மாமா: இல்லை. அது யோனத்தான், கர்த்தர் கொடுத்தார். அனனியாதான் நெருங்கின சொந்தம், அதே இரண்டு துண்டும் இடம் மாறி நிற்கிறது.

ரூபி அத்தை: காணியை விற்றுப் பொய் சொல்லி விழுந்து செத்தானே, அவனா? வேண்டவே வேண்டாம்.

சாம் மாமா: அன்னாளும் அதே வேர்தான். உங்கள் அப்பா அம்மா இரண்டு பேர் பேரிலும் இருப்பது அதே கிருபை. கத்தோலிக்கர்கள் இந்தப் பொருளை எடுத்து யோவானுக்குத் தமிழிலேயே அருளப்பர் என்று வைத்துவிட்டார்கள். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட பாதிரியார் அருளானந்தரும் சொந்த நாடான போர்ச்சுகலில் ஜான்தான்.

ஜெனி: எங்க தூத்துக்குடி ஆச்சி வீட்டில் அருளப்பன்னு ஒரு மாமா உண்டு!

துரை பெரியப்பா: ம்

சாம் மாமா: 1968-ல் எருசலேமில் ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி கிடைத்தது. மேலே யெஹோஹனான் என்று பேர் வெட்டியிருந்தது. ரோமர் காலத்தில் சிலுவையில் அறையப்பட்ட ஆள், குதிகால் எலும்பில் ஆணி அப்படியே

ரூபி அத்தை: ஏங்க, பச்சைப் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது ஆணிக் கதையா? போனை வச்சிட்டுச் சாப்பிட வாங்க.

பாளை சித்தி: சாப்பாடுன்னதும் ஞாபகம் வருது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியா, சோறும் கறிக்குழம்புமா?

டேவிட்: பிரியாணி

துரை பெரியப்பா: சோறு. போன தடவை பிரியாணி அடிப்பிடித்து மானம் போனது.

பாளை சித்தி: அது உங்க ஆள் செஞ்சது அத்தான்

செல்வின்: யோவான் இவான்னு ரெண்டையும் சேர்த்து வச்சா?

சாம் மாமா: ஜான் ஜான் என்று ஆகும்.

ஜெனி: 😭

துரை பெரியப்பா: ரிஜிஸ்டரில் யோவான் முதலில். வீட்டில் என்னவும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனி: அப்போ பர்த் சர்ட்டிபிகேட்?

ரூபி அத்தை: அதை நேரில் பேசிக்கலாம். ஐயருக்கு யார் போன் போடுவது?

டேவிட்: கறிக்கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சுன்னு கடைக்காரர் சொல்கிறார். நான் கொடுக்கலை. யார் கொடுத்தது, எத்தனை கிலோவுக்கு?