புதுப்பிப்பு: ஆர்டி கெர்னலில் திடீர்த் தாமதம், காரணம் கிடைத்தது

முந்தைய பதிவில் கேட்டிருந்தது: லினக்ஸ் 6.12-இல் பிரீஎம்ப்ட் ஆர்டி (குறித்த நேரத்துக்குள் வேலை நடக்க வைக்கும் கெர்னல் வசதி, சுருக்கமாக ஆர்டி) போட்டு, சைக்ளிக்டெஸ்ட் (குறித்த நேரத்தில் எழ வேண்டிய த்ரெட் எவ்வளவு தாமதமாக எழுகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டினால் தாமதம் பெரும்பாலும் சில மைக்ரோவினாடிதான். ஆனால் எப்போதாவது ஒருமுறை சில நூறுக்குத் தாவுகிறது. ஏன்?

கெர்னல் நிரபராதி. ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட் என்ற கருவி இன்டரப்ட்களை (பிராசசரை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்புகளை) நிறுத்திவிட்டு, கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்து இடைவெளி தேடும். அதிலும் அதே தாவல் வந்தது. அப்படியென்றால் கெர்னலுக்குக் கீழே யாரோ பிராசசரைப் பிடுங்குகிறார்கள். பிராசசர் நிலவரம் காட்டும் டர்போஸ்டாட்டில் எஸ்எம்ஐ (கெர்னலுக்குத் தெரியாமல் பயாஸ் பிராசசரை எடுத்துக்கொள்ளும் இன்டரப்ட்) எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருந்தது. பயாஸில் பழைய யுஎஸ்பி ஆதரவை அணைத்ததும் அடங்கியது.

'சராசரி நன்றாகத்தானே இருக்கிறது' என்று சிலர் சொன்னீர்கள். இந்த வேலையில் சராசரிக்கு மதிப்பே இல்லை, உச்சம்தான் கணக்கு. அதுவும் சும்மா கிடக்கும் மெஷினில் எடுத்த உச்சம் எதற்கும் உதவாது. மெஷினுக்குச் சுமை ஏற்றும் ஹேக்பெஞ்ச், ஸ்ட்ரெஸ்-என்ஜி இரண்டையும் ஓடவிட்டு, இரவு முழுக்க அளந்து பாருங்கள்.

அப்புறம், இதைப் பலர் கவனிப்பதில்லை: சைக்ளிக்டெஸ்ட் ஓடும்போது சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பில் (எவ்வளவு தாமதம் தாங்கும் என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) பூஜ்யம் எழுதி, பிராசசரை ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவிடாமல் வைத்திருக்கும். உங்கள் சொந்த நிரல் அதைச் செய்யாவிட்டால், சைக்ளிக்டெஸ்ட் காட்டிய அழகான எண் அதற்குக் கிடைக்காது. சைக்ளிக்டெஸ்ட்டை அப்படி எழுதவிடாத டிஃபால்ட்-சிஸ்டம் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

மிச்சமிருக்கும் சின்னத் தாவல்களை ஆர்டிஎல்ஏ டைமர்லாட் என்ற தாமதத்தை அலசும் கருவியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த இன்டரப்ட், எந்த த்ரெட் குறுக்கே வந்தது என்று அதுவே சொல்லிவிடுகிறது. நெட்வொர்க் டிரைவர்மேல்தான் சந்தேகம்.