மயோடி இருக்கிறது, மயோஜெனின் வரவில்லை: சி2சி12 செல்கள் ஏன் மாறவில்லை?

ஆய்வு_மாணவி:
வணக்கம். எலியின் தசை முன்செல்லான சி2சி12 வளர்க்கிறேன். தட்டு நிரம்பியதும் 10% எஃப்பிஎஸ் (கன்றுக் கரு சீரம்) கலந்த வளர்ப்பு மீடியத்தை எடுத்துவிட்டு 2% குதிரை சீரம் போட்டேன். ஐந்தாம் நாளிலும் பல உட்கருக்கள் கொண்ட தசைக்குழல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகின்றன. ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில், தசை ஜீன்களை இயக்கும் மயோடி புரதத்தின் பேண்ட் பளிச்சென்று வருகிறது, அதையடுத்து வரவேண்டிய மயோஜெனின் புரதம் அறவே இல்லை. 1987-ல் மயோடி ஒன்றை வைத்தே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்லைத் தசைச் செல்லாக்கிக் காட்டினார்களே, இங்கே மட்டும் ஏன் நடக்கவில்லை? ஆன்டிபாடியை மாற்றணுமா?

கல்ச்சர்_ரூம்:
ஆன்டிபாடியை அப்புறம் பார்க்கலாம். பெருகிக்கொண்டிருக்கும் சி2சி12-லும் மயோடி இருக்கும். ஈ12, ஈ47 போன்ற ஈ புரதத்தோடு ஜோடி சேர்ந்தால்தான் அது ஜீனுக்கு முன்னால் உள்ள ஈ-பாக்ஸ் என்ற டிஎன்ஏ வரிசையை உறுதியாகப் பிடிக்கும். சீரம் தாராளமாக இருக்கும்வரை ஐடி என்ற புரதம் அந்த ஈ புரதத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஐடிக்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியே கிடையாது, அதனால் அந்த ஜோடியால் எந்த ஜீனும் இயங்காது. சீரம் குறைந்தால் ஐடி இறங்கும், மயோஜெனின் எழும், செல் பெருகுவதை நிறுத்தும் பி21-ம் ஏறும். மீடியம் மாற்றும்போது பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவினீர்களா? எத்தனையாவது பாசேஜ், அதாவது செல்களைப் பிரித்துப் புதிதாக வளர்த்தது எத்தனையாவது முறை?

ஆய்வு_மாணவி:
நன்றாகக் கழுவினேன். வையல் பக்கத்து லேப்பில் கொடுத்தது, பாசேஜ் எண் எழுதவில்லை. பிளாஸ்க் முழுக்க நிரம்பிய பிறகுதான் பிரிப்பார்களாம்.

நுண்ணோக்கி:
சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். நிரம்பிய பிளாஸ்க்கில், மாறத் தயாராக உள்ள செல்கள் சீரம் இருக்கும்போதே மாறத் தொடங்கி, பெருகுவதை நிறுத்திவிடும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மாறாத செல்களின் பங்கு கூடிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட வையலில் சீரத்தை எவ்வளவு குறைத்தாலும் பெரிய பலன் இராது. குறைந்த பாசேஜ் வையல் வாங்கி, 60–70% நிரம்பும்போதே பிரியுங்கள். சோதனைத் தட்டை மட்டும் நிரம்ப விடுங்கள்.

கல்ச்சர்_ரூம்:
சரியாகச் சொன்னார். மயோஜெனின் இல்லாத எலிகளில் முன்செல்கள் இருந்தும் தசை நார்கள் ஒழுங்காக உருவாகவில்லை என்று 1993-லேயே காட்டியிருக்கிறார்கள். உங்கள் தட்டில் தெரிவதும் அதே போலத்தான். புது வையல், பழைய வையல் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டி 0, 24, 48, 72 மணி மாதிரி எடுங்கள். நல்ல செல்லில் மயோஜெனின் 48 மணிக்குள் தெரியும், தசையைச் சுருக்கும் புரதமான மயோசின் கனச்சங்கிலி அதற்குப் பிறகு. புதியதில் வந்து பழையதில் வராவிட்டால் ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கிறது. மயோஜெனின் வந்தும் குழல் உருவாகவில்லை என்றால் செல் இணைவில் கோளாறு, அப்போது செல்களை இணைய வைக்கும் மயோமேக்கர் புரதத்தைப் பார்க்கலாம்.