மறு: ஐஸ் ஷெல்ஃப்: 'பனி அலமாரி' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

நிலத்துப் பனி கடலுக்குள் நீண்டு, நிலத்தோடு ஒட்டியபடியே மிதக்கும் பெரும் பனிப்பரப்பை ஆங்கிலத்தில் 'ஐஸ் ஷெல்ஃப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பனி அலமாரி' எனலாம் என்று குழுவில் வந்த பரிந்துரையைப் படித்துச் சிரித்துவிட்டேன். பரிந்துரைத்த ஐயா பொறுத்தருள வேண்டும். மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் அதற்குக் கதவு எங்கே என்று தேடுவார்கள். 'பனித்தட்டு' தேவலாம். ஆனால் தட்டு என்ற சொல், நிலவியலில் புவித்தட்டுக்கு என்று எப்போதோ போய்விட்டது.

சென்ற வாரம் வகுப்பில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை விளிம்புவரை நிரப்பினேன். ஒன்றில் ஐஸ் கட்டிகள் மிதந்தன. மற்றதன் வாயில் டீ வடிகட்டியை வைத்து அதில் கட்டிகளைப் போட்டேன். முதல் டம்ளரில் எல்லாம் கரைந்தும் ஒரு சொட்டு வழியவில்லை. இரண்டாவது, மேசையோடு என் வருகைப் பதிவேட்டையும் நனைத்தது. மிதப்பது தன் எடைக்குரிய நீரை முன்பே விலக்கிவிடுகிறது (கடல்நீர் உப்பு என்பதால் உண்மையில் மிகச் சிறிதளவு ஏறும், அதை மேல்வகுப்புக்கு விட்டுவிட்டேன்). கிரீன்லாந்தின் நிலப்பனி முழுதும் கரைந்தாலோ கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும்.

"அப்படியானால் மிதப்பதைப் பற்றி நமக்கென்ன, மிஸ்?" என்று எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள் ஒருத்தி.

சொல் அங்கேதான் கிடைத்தது. 2002இல் அண்டார்டிக்காவின் லார்சன் பி என்ற ஐஸ் ஷெல்ஃப் சில வாரங்களில் நொறுங்கியது. ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர். நம் மொரிசியஸ் தீவைவிடப் பெரிது. மிதந்த பனிதானே, அது உடைந்ததால் கடல் ஏறவில்லை. ஆனால் அதுவரை அது மறித்து நின்ற நிலத்துப் பனியாறுகள் பலமடங்கு வேகமெடுத்துக் கடலில் இறங்கின. புயல் எச்சரிக்கை வந்ததும் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அந்த வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது.

ஆகவே 'முட்டுப்பனி' என்கிறேன். முட்டுப்பனி உடைவு, முட்டுவிசை என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. 1841இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அண்டார்டிக்காவில் கண்ட பெரும்பனிக்கும் முதலில் 'தடுப்பு' என்றுதான் பெயர். பிரெஞ்சிலும் அதே பொருளில் 'பாரியேர்' என்ற வழக்கு உண்டு. ராஸுக்கு அது கப்பலை மறித்தது. நமக்கு, பின்னாலுள்ள பனியை மறிக்கிறது.

ஒரு குறை உண்டு. வெளியோரத்தில் எதையும் தாங்காமல் சும்மா மிதக்கும் பகுதியும் இருக்கிறது. அது உடைந்தால் பின்னால் பெரிதாக எதுவும் அசையாது. முட்டாத அந்தப் பகுதியையும் முட்டுப்பனி என்பதா, தனிப்பெயர் வேண்டுமா? புவியியல் அறிந்தவர்கள் எழுதுங்கள். அலமாரி தவிர எதுவானாலும் எனக்குச் சம்மதம்.