விவியன் மேயர் கழுவாமல் விட்டுப்போன பிலிம் ரோல்களைக் கழுவியது சரியா?

கருப்பு_வெள்ளை:
சிகாகோவில் நாற்பது வருடம் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்துகொண்டே தெருவைப் படமெடுத்தவர் விவியன் மேயர். ஒரு லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ். வாடகைக் கிடங்கில் வைத்திருந்த அவருடைய பெட்டிகள், வாடகை பாக்கிக்காக 2007-ல் ஏலத்துக்கு வந்தன. ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிப் போனார்கள். 2009 ஏப்ரலில் அவர் இறந்த பிறகுதான் படங்கள் பிரபலமாயின, விற்பனையும் நடந்தது. எனக்கு இது உறுத்துகிறது. உயிரோடு இருந்தவரை ஊருக்குக் காட்டாதவர், நூற்றுக்கணக்கான ரோல்களை ரசாயனத்தில் கழுவி உருவத்தை வெளிக்கொண்டுவரவே இல்லை. அவற்றைத் திறந்தது அடுத்தவர் டைரியைப் பிரித்துப் படித்த மாதிரிதான். அப்படியே பூட்டி வைத்திருக்க வேண்டும்.

ரோல்120:
கழுவாததை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது தப்பு. 1956 முதல் சிகாகோவுக்குப் பக்கத்து ஊரான ஹைலேண்ட் பார்க்கில் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கென்று இருந்த குளியலறைதான் டார்க் ரூம், அதாவது பிலிம் கழுவும் இருட்டறை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டை விட்டு வந்த பிறகு ரோல்கள் சேரத் தொடங்கின. இடம் போயிற்று, வசதி போயிற்று. ஆசை போயிற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? சிகாகோ பல்கலைக்கழக நூலகத்துக்கு 2017-ல் சுமார் 500, 2019-ல் 2,700 பிரிண்டுகள் போயின. எல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது போட்டவை. பிரிண்ட் போடுபவர் பார்ப்பதற்காகத்தான் போடுகிறார்.

கருப்பு_வெள்ளை:
அந்த பிரிண்டுகளில் பலவற்றில் ஓரத்தை அவரே வெட்டியிருக்கிறார். இப்போது வருபவை பெரும்பாலும் ஓரம் வெட்டாத முழுப் படம். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவர் முடிவு. அதை நாம் பறித்துக்கொண்டோம்.

மல்லிகா:
பூட்டி வையுங்கள் என்பவர்கள் ஒருமுறை பழைய பிலிம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போன பிறகு இரும்புப் பீரோவின் அடித்தட்டை இழுத்தேன், வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் பிலிம் கெட்டால் அந்த நெடிதான். சுருள் அலை அலையாக நெளிந்து கிடந்தது, உருவம் பதிந்த மேல்பூச்சு கொப்புளித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். பந்தியில் இலைக்கு முன்னால் ஒரு தாத்தா. முகம் இருந்த இடம் மட்டும் உரிந்து போயிருந்தது. இது கழுவிய பிலிமின் கதி. கழுவாத ரோலில் உருவம் வருடத்துக்கு வருடம் மங்கும். குளிரில் வைத்தால் வேகம் குறையும், நிற்காது.

ரோல்120:
அதேதான். இன்னொரு அமெரிக்கத் தெருப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபோது சுமார் 2,500 ரோல் கழுவாமல் கிடந்தது. கழுவினார்கள். அவருடைய சேகரிப்பு இன்று அரிசோனா பல்கலைக்கழகப் புகைப்பட மையத்தில் ஒரே இடத்தில் இருக்கிறது.

கருப்பு_வெள்ளை:
சரி, கழுவுவதை ஒப்புக்கொள்கிறேன். மல்லிகா சொன்ன அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் விற்பனை? நெகட்டிவ் கையில் இருந்தால் பதிப்புரிமையும் கையில் இருக்கிறது என்று ஆகாது. வாரிசு யார் என்று 2014-ல் வழக்கே வந்தது. அதே வருடம் ஏலத்தில் போனதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 17,500 நெகட்டிவ், கனடாவில் டொராண்டோவில் உள்ள ஒரு படக் காலரிக்குப் போய்விட்டது.

ரோல்120:
விற்றிருக்காவிட்டால் ஸ்கேனுக்கும் குளிரறைக்கும் யார் பணம் கொடுத்திருப்பார்கள்? 2007-ல் எந்த நூலகமும் வாசலில் நிற்கவில்லை.

கருப்பு_வெள்ளை:
நிற்கவில்லைதான். அப்படியானால் எந்தப் பெட்டி யாரிடம் போனது என்று ஒரு பொதுப் பட்டியலாவது போடட்டும். காலையில் எடுத்த ரோல் ஒரு நாட்டிலும் மாலையில் எடுத்தது இன்னொரு நாட்டிலும் கிடந்தால், அன்று அவர் எந்தத் தெரு வழியாக நடந்தார் என்று யார் சொல்வது?