அத்தையின் பாஸ்போர்ட் பறிபோய்விட்டது, ஸ்பெஷல் பாஸ் எடுத்தவர்கள் உதவுங்கள்

மதுரையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த என் அத்தையின் கைப்பையை, செவ்வாய் மாலை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்போர்ட், போன், பணம் எல்லாம் அதில்தான். முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. ஆனால் வாசலைத் தாண்டவே பயப்படுகிறார், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அன்றிரவே போலீஸ் புகார் கொடுத்து நகல் வாங்கினோம். வங்கி அட்டைகளை முடக்கியாயிற்று. இந்தியத் தூதரகத்தில், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஊர் திரும்பத் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பித்தோம், நாளை கிடைத்துவிடும். அப்புறம் மலேசியாவைவிட்டு வெளியேற, குடிநுழைவுத் துறையில் ஸ்பெஷல் பாஸ் என்ற அனுமதி எடுக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். அத்தை 30 நாள் விசா விலக்கில் வந்தவர். நுழைவு முத்திரை பறிபோன பாஸ்போர்ட்டோடு போய்விட்டது. கையில் இருப்பது பாஸ்போர்ட் முதல் பக்க நகல், போர்டிங் பாஸ், மின்னஞ்சலில் வந்த டிஜிட்டல் வருகை அட்டை. தெரிந்தவர்களிடம் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

ஞாயிறு இரவு கேஎல்ஐஏவிலிருந்து சென்னைக்கு விமானம். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை, அதனால் வெள்ளிக்கிழமையே முடித்தாக வேண்டும்.

நுழைவு முத்திரை இல்லாமல் அண்மையில் ஸ்பெஷல் பாஸ் எடுத்தவர்களே, இவற்றோடு வேறு என்ன ஆவணம் கேட்டார்கள்?